கிரையோகுளோபுலின் டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் ஏசியில் உட்கார்ந்தாலே அப்பாவின் விரல்கள் ஊதாவாகின்றன

கோவைமகள் | திங்கள், இரவு 9.40

வணக்கம். இங்கே ரத்த நோய்களோடு இருப்பவர்கள் பலர் எழுதுவதைப் பார்த்துத்தான் கணக்கு தொடங்கினேன். அப்பாவுக்கு 66 வயது, பம்ப் பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். போன வருடம் அசதி அசதி என்று சொன்னதால் காட்டப் போனோம், எலும்பு மஜ்ஜை வரைக்கும் எடுத்துப் பார்த்துவிட்டு வால்டன்ஸ்ட்ராம் என்றார்கள், ஐஜிஎம் என்கிற புரதம் அதிகமாகச் சுரக்கிற ஒரு வகை ரத்தப் புற்றுநோயாம். ஐஜிஎம் 3,100, ஹீமோகுளோபின் 10.2. இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பரில் ஊட்டியில் ஒரு கல்யாணம். விடிகாலை முகூர்த்தம், ஐந்து மணிக்கு மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தவர் "கை மரத்துப்போச்சும்மா" என்று காட்டினார். விரல் நுனி எல்லாம் கத்தரிக்காய் நிறம். காது மடலின் மேல் விளிம்பிலும் அதே நிறம், ஏதோ மை தடவினது போல. மேட்டுப்பாளையம் இறங்கி வருவதற்குள் சரியாகிவிட்டது. குளிர்தான் என்று விட்டுவிட்டோம். ஆனால் இப்போது மார்ச், கோயம்புத்தூர் வெயிலில், பேங்க் ஏசியில் இருபது நிமிஷம் உட்கார்ந்தாலே அப்படி ஆகிறது. கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வேறு. அழுத்தினால் மறைவதில்லை.

கிரையோகுளோபுலின் என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் நெகட்டிவ். அதனால் வயதானால் ரத்த ஓட்டம் குறையும், உல்லன் சாக்ஸ் போடச் சொல்லுங்கள் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

மதுரை லேப் | திங்கள், இரவு 10.15

தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி. அந்த டெஸ்டுக்கு ரத்தம் எங்கே எடுத்தார்கள், எடுத்த டியூபை எதில் வைத்துக் கொண்டுபோனார்கள்? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

கோவைமகள் | திங்கள், இரவு 10.22

வீட்டுக்கே ஒரு தம்பி வந்து காலை ஏழு மணிக்கு எடுத்தார் அண்ணா. நீலப் பெட்டி ஒன்று வைத்திருந்தார், அதற்குள் ஐஸ் பேக். மற்ற டெஸ்டுகளுக்கான டியூபோடு இதையும் அதில்தான் போட்டார். இன்னும் நாலு வீடு போகணும் என்று கிளம்பினார்.

மதுரை லேப் | திங்கள், இரவு 11.05

அப்படியானால் அந்த ரிப்போர்ட்டை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இந்த ஒரு டெஸ்டில் ஐஸ் பேக் பட்ட இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். அப்பாவின் ரத்தத்தில் ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடி ஒரே வகையாக, தேவைக்கு மேல் சுரக்கிறது. சிலருக்கு அந்தப் புரதம் 37 டிகிரியில் சாதுவாகக் கரைந்து ஓடும், சூடு குறைந்தால் கட்டிதட்டிப் படியும், திரும்பச் சூடாக்கினால் கரைந்துவிடும். அதைத்தான் கிரையோகுளோபுலின் என்கிறோம். டெஸ்டும் அதே தத்துவம்தான். ரத்தத்தை உடம்புச் சூடு மாறாமல் எடுத்து, 37 டிகிரியிலேயே ஒரு மணி நேரம் உறையவிட்டு, சூடு ஆறாமல் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்கிற சீரத்தைப் பிரித்து எடுக்கணும். குளிர்ப் பெட்டியில் 4 டிகிரியில் வைப்பது அதற்கப்புறம்தான். ஏழு நாள் வரை தினமும் பார்க்கணும்.

ரத்தம் பிரிக்கும் முன்பே குளிர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் புரதம் டியூபிலேயே படிந்து, ரத்தக் கட்டியோடு கட்டியாகக் கீழே போய்விடும். மேலே இருக்கிற சீரம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதை எத்தனை நாள் குளிர வைத்தாலும் ஒன்றும் படியாது. லேபில் இருப்பவர் நேர்மையாகத்தான் நெகட்டிவ் என்று எழுதியிருப்பார், அவர் கைக்கு வந்ததில் அது இல்லை, அவ்வளவுதான்.

மற்ற ரத்தமெல்லாம் குளிரில் போனால்தான் நல்லது என்று பழகினவர்கள் இதையும் அந்தப் பெட்டியில் போடுவது இன்றைக்கும் நடக்கிறது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ரொறன்ரோ அண்ணா | செவ்வாய், காலை 6.30

தங்கச்சி, உங்கட அப்பாவின் கதையை வாசிக்கும்போது என்னுடைய 2019 ஜனவரி ஞாபகம் வந்தது. எனக்கு இருப்பது கோல்ட் அக்ளூட்டினின் நோய். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் நின்றேன், மைனஸ் பதினெட்டு. மூக்கு நுனியும் விரல்களும் நீலமாகிவிட்டன. அன்றிரவு சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. வைத்தியசாலையில் ஹீமோகுளோபின் 7.1. உங்கட அப்பாவுக்கும் இதுவாக இருக்கலாம், வால்டன்ஸ்ட்ராம் உள்ளவர்களுக்கும் இது வரும் என்று எனக்குச் சொன்னார்கள். கூம்ப்ஸ் டெஸ்ட் (சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கோ.

மதுரை லேப் | செவ்வாய், காலை 8.10

ரொறன்ரோ அண்ணன் சொல்வதும் நியாயமான சந்தேகம்தான், ஐஜிஎம் இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது, வைத்தியமே வேறாகப் போகும். கிரையோகுளோபுலினில் புரதமே படிந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கிறது. கோல்ட் அக்ளூட்டினினில் புரதம் படிவதில்லை. குளிரில் போய்ச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று கோத்துவிடும். பெரும்பாலும் அது ஒட்டுவது அணுவின் மேல் இருக்கிற 'ஐ' என்கிற ஆன்டிஜெனில். ரத்தம் திரும்ப உடம்பின் சூட்டுக்கு வந்ததும் ஆன்டிபாடி கழன்றுவிடும், ஆனால் அது இழுத்துவிட்ட காம்ப்ளிமென்ட் என்கிற எதிர்ப்புச் சக்திப் புரதம் அணுவின் மேலேயே இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்துக் கல்லீரல் அணுவைப் பிடித்து அழிக்கும். அதனால்தான் கூம்ப்ஸ் டெஸ்டில் சி3டி (அந்தக் காம்ப்ளிமென்டின் துண்டு) பாசிட்டிவ், ஐஜிஜி (வேறு வகை ஆன்டிபாடி) நெகட்டிவ் என்று வரும். இவர்களுக்கு ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் முன்னால் நிற்கும். அழுத்தினால் மறையாத புள்ளியும் புண்ணும் கிரையோகுளோபுலின் பக்கம் அதிகம்.

இதை நான் கண்ணால் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். ஒரு டிசம்பர் காலை, ஊதா மூடி டியூப் ஒன்று மெஷினில் ஓடி எம்சிஹெச்சி (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 49 என்று வந்தது. 36ஐத் தாண்டினாலே எங்களுக்குச் சந்தேகம் வரும், ஒரு சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க முடியாது. சிவப்பணு எண்ணிக்கை பாதிக்கும் கீழே, எம்சிவி (ஓர் அணுவின் சராசரி அளவு) 120க்கு மேலே. ஹீமோகுளோபின் மட்டும் ஒழுங்காக இருந்தது, ஏனென்றால் அதை அணுவை உடைத்து அளக்கிறோம். டியூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், சுவரெல்லாம் ரவை ஒட்டின மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு நின்றேன். ஓரத்துத் திட்டுகள் கண்ணெதிரே இளகி ஓடின. வாட்டர் பாத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துத் திரும்ப ஓட்டினேன், எம்சிஹெச்சி 34. அந்த அம்மாவுக்கு நிமோனியா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மைக்கோபிளாஸ்மா கிருமிக்குப் பிறகு இப்படித் தற்காலிகமாக வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

தங்கச்சி, அப்பாவின் பழைய சிபிசி ரிப்போர்ட்டுகளில் எம்சிஹெச்சி, எம்சிவி, பிளேட்லெட் மூன்றையும் இங்கே போடுங்கள்.

கோவைமகள் | செவ்வாய், பிற்பகல் 1.48

ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எம்சிஹெச்சி 33.4, எம்சிவி 88. பிளேட்லெட் ஜூலையில் 1.8 லட்சம், பிப்ரவரியில் 4.6 லட்சம், அதே மாதம் வேறு லேபில் 1.9 லட்சம். கூடியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூம்ப்ஸ் செய்யவில்லை. சிறுநீர் நிறம் மாறினதாக அப்பா சொல்லவில்லை, பிலிருபின் 0.8.

மதுரை லேப் | செவ்வாய், இரவு 9.30

எம்சிஹெச்சி, எம்சிவி, பிலிருபின் மூன்றும் ஒழுங்காக இருப்பதால் கோல்ட் அக்ளூட்டினின் சந்தேகம் குறைகிறது, இருந்தாலும் கூம்ப்ஸ் செய்துவிடுங்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பிளேட்லெட் 4.6 லட்சம். டியூப் ஆறிப்போய் கிரையோகுளோபுலின் துகள்துகளாகப் படிந்தால், மெஷின் அந்தத் துகளையும் பிளேட்லெட் என்று எண்ணிவிடும், சில நேரம் வெள்ளையணு என்றும் எண்ணும். சூடாக ஓட்டினால் எண்ணிக்கை இறங்கிவிடும். ஒரே மாதத்தில் இரண்டு லேபில் இவ்வளவு வித்தியாசம் என்றால் அதை யாராவது கேட்டிருக்கணும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம். ஐஜிஎம் அளவுக்கு எடுத்த ரத்தமும் அதே ஐஸ் பெட்டியில் போயிருந்தால் அந்த 3,100ம் நம்பக்கூடியது இல்லை. படிந்த ஐஜிஎம் கட்டியோடு கீழே போயிருக்கும், மிச்சத்தைத்தான் அளந்திருப்பார்கள். கிரையோகுளோபுலின் உள்ளவர்களுக்கு ஐஜிஎம்மையும் சூடாகவே எடுக்கணும்.

இந்தத் தடவை வீட்டில் எடுக்க விடாதீர்கள். அப்பாவை லேபுக்கே கூட்டிப் போங்கள், இன்குபேட்டர் இருக்கிற இடமா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். சிரிஞ்சையும் டியூபையும் முன்கூட்டியே 37 டிகிரியில் வைத்திருக்கணும். எடுத்த இடத்துக்கும் இன்குபேட்டருக்கும் நடுவே ஒரு மாடி ஏறணும் என்றால்கூட ஒரு ஃபிளாஸ்க் வேண்டும்.

சேலம் ராஜி | செவ்வாய், இரவு 10.20

என் அம்மாவுக்கும் காலில் அதே புள்ளிகள்தான் இருந்தன, கூடவே மூட்டு வலி, பாதத்தில் எரிச்சல். ஆனால் அவருக்கு மிக்ஸ்டு கிரையோகுளோபுலின், அதாவது ஒரே வகை இல்லாமல் பல ஆன்டிபாடிகள் கலந்து படிவது, காரணம் ஹெபடைடிஸ் சி. 1989இல்தான் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்களாம், அதற்கு முன்னால் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணமே தெரியாமல் இருந்ததாக எங்கள் டாக்டர் சொன்னார். சோஃபாஸ்புவிர் சேர்ந்த மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டார், வைரஸ் போய்விட்டது, புள்ளிகளும் மெல்ல மெல்ல நின்றன. அதனால் வால்டன்ஸ்ட்ராம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஹெபடைடிஸ் சி டெஸ்டும் காம்ப்ளிமென்ட் சி4ம் கேளுங்கள் தோழி. அம்மாவுக்கு சி4 ரொம்பக் குறைவாக இருந்தது. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகி, ஒரு சிறுநீரகப் பயாப்சி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

குன்னூர் செல்வம் | புதன், காலை 7.05

எங்கள் ஊரில் விரல் விறைத்தால் சுடுதண்ணியில் கை, காலை முக்கி வைப்போம், உடனே கேட்கும். உங்கள் அப்பாவுக்கும் செய்து பாருங்கள்.

ரத்தவியல் மாணவி | புதன், காலை 7.50

செல்வம் ஐயா, அக்கறையோடு சொல்கிறீர்கள், ஆனால் இவர் விஷயத்தில் வேண்டாம். வால்டன்ஸ்ட்ராமில் பாத நரம்புகள் மரத்திருக்கலாம், சூடு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. ஏற்கெனவே ரத்தம் ஒழுங்காகப் போகாத தோலில் கொப்புளம் வந்தால் அது ஆற மாதங்கள் ஆகும். போர்த்தி, மெதுவாகச் சூடேற்றுவதே போதும்.

நான் ரத்தவியலில் மேற்படிப்பு படிக்கிறேன். மதுரை அண்ணன் ஐஜிஎம் பற்றி எழுதியதை ஒட்டிக் கொஞ்சம் சேர்க்கிறேன். வால்டன்ஸ்ட்ராமில் கிரையோகுளோபுலின் 20% பேர் வரை இருக்கலாம், அதனால் உண்மையில் தொந்தரவு படுகிறவர்கள் 5%க்கும் கீழே. அந்தத் தொந்தரவு வந்துவிட்டால் அதுவே மருந்து தொடங்கக் காரணம், ஐஜிஎம் எண்ணுக்காகவோ ஹீமோகுளோபினுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தில் ரிட்டுக்சிமாப் இருக்கும், அதைப் போட்டதும் முதல் வாரங்களில் பலருக்கு ஐஜிஎம் குறைவதற்குப் பதில் சட்டென்று ஏறும். ஏற்கெனவே 4,000க்கு மேல் இருந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்றில் ரிட்டுக்சிமாப் இல்லாமல் மற்ற மருந்தை மட்டும் கொடுப்பார்கள், அல்லது முதலில் பிளாஸ்மாவை மாற்றி ஐஜிஎம்மை இறக்குவார்கள். ஐஜிஎம் பெரும்பாலும் ரத்தக் குழாய்க்குள்ளேயே இருக்கிற பெரிய மூலக்கூறு, அதனால் பிளாஸ்மா மாற்றினால் நன்றாக இறங்கும். ஆகவே அந்த 3,100 உண்மையா என்பது வெறும் லேப் சமாசாரம் இல்லை. தப்பான எண்ணை நம்பி முதல் நாளே ரிட்டுக்சிமாப் போட்டால் ரத்தம் தேன் மாதிரி கெட்டியாகலாம்.

கண் மருத்துவரிடம் விழித்திரையையும் காட்டுங்கள். 1933இல் பால்டிமோரில் வின்ட்ரோபும் புவெலும் குளிரில் படிகிற இந்தப் புரதத்தை முதன்முதலில் எழுதினார்கள். அந்த மைலோமா (மஜ்ஜையில் வருகிற இன்னொரு ரத்தப் புற்றுநோய்) நோயாளிக்கு விரல் தொந்தரவோடு விழித்திரை ரத்தக் குழாய்களில் அடைப்பும் இருந்தது. கிரையோகுளோபுலின் என்கிற பெயரே 1947இல் லெர்னரும் வாட்சனும் வைத்ததுதான்.

மதுரை லேப் | புதன், காலை 9.15

வின்ட்ரோப் பெயரைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. படிந்த புரதம் எத்தனை சதவீதம் என்று அளக்க நான் எடுப்பதும் அவர் பெயரில் இருக்கிற அதே ஒல்லியான கண்ணாடிக் குழாய்தான், 0 முதல் 100 வரை கோடு போட்டது.

ரொறன்ரோ அண்ணா | வியாழன், காலை 5.55

என் கதையையும் முடித்து வைக்கிறேன், கோல்ட் அக்ளூட்டினினுக்காக இங்கே வருபவர்களுக்கு உதவும். எனக்கு முதலில் ஸ்டீராய்டு தந்தார்கள், முகம் வீங்கியதுதான் மிச்சம். இந்த நோயில் அது அவ்வளவாகக் கேட்காது, மண்ணீரலை எடுத்தும் பயனில்லை என்று பிறகுதான் விளங்கியது. அணுக்கள் அழிவது கல்லீரலில் அல்லவா. ரிட்டுக்சிமாப் தனியாக எடுத்தேன், பதினொரு மாதம் நன்றாக இருந்தேன், திரும்ப வந்துவிட்டது. பின்னர் பெண்டமுஸ்டின் என்கிற கீமோ மருந்தோடு சேர்த்துத் தந்தார்கள். நார்வேயின் பெரென்ட்சன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேரில் 71% பேருக்கு அந்தச் சேர்க்கை பலன் தந்திருக்கிறது என்று என் வைத்தியர் காட்டினார். இப்போது ஹீமோகுளோபின் 12.6. அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் சுட்டிம்லிமாப் என்று ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, அது காம்ப்ளிமென்டைத் தடுத்து அணு அழிவதை நிறுத்தும். விரல் நீலமாவதை அது நிறுத்தாது, ஏனென்றால் அணுக்கள் கோத்துக்கொள்வதற்குக் காம்ப்ளிமென்ட் தேவையில்லை.

குருதி ஏற்ற வேண்டி வந்தால் பிளட் வார்மர் கேளுங்கோ. பெரிய சத்திரசிகிச்சை என்றால், முக்கியமாக உடம்பைக் குளிர வைத்துச் செய்கிற இதய சத்திரசிகிச்சை என்றால், மயக்க மருந்து வைத்தியரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கோ. கோப்பில் இருக்கிறது, பார்த்திருப்பார்கள் என்று இருக்காதீர்கள்.

கோவைமகள் | அடுத்த வாரம் சனி, இரவு 8.30

பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், ஓடிக்கொண்டே இருந்தேன். மூன்று லேபுக்குப் போன் செய்தேன். இரண்டு இடத்தில் "வீட்டுக்கே வந்து எடுப்போம் மேடம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் போனை எடுத்த அம்மா "இன்குபேட்டர் பக்கத்திலேயே எடுத்துக்கலாம், பத்து மணிக்கு மேல வாங்க, கூட்டம் இருக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் மனம் கேட்காமல் அம்மாவின் காபி ஃபிளாஸ்க்கையும் தெர்மாமீட்டரையும் எடுத்துப் போனேன். டியூப், சிரிஞ்ச் எல்லாம் அவர்களே சூடாக வைத்திருந்தார்கள். அந்த அம்மா ரத்தம் எடுத்த டியூபை ஒரு நொடிகூட மேசையில் வைக்கவில்லை, கைக்குள் மூடிக்கொண்டே நாலு எட்டு நடந்து உள்ளே வைத்தார். ஐஜிஎம்முக்கும் சிபிசிக்கும் அப்படியேதான்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். தெளிவாக இருந்த சீரத்தின் அடியில் ஒரு விரல் நகத்தளவு வெள்ளையாக, ஆறிப்போன நெய் உறைந்து கிடப்பது போல. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சூட்டில் வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் தெளிந்துவிட்டது. "இதுதான் எனக்குள்ள ஓடுதா" என்று மட்டும் கேட்டார்.

முடிவு: பாசிட்டிவ், டைப் ஒன்று (ஒரே வகைப் புரதம் மட்டும்), கிரையோகிரிட், அதாவது படிந்த புரதம், 6%. பிளேட்லெட் 1.9 லட்சம். கூம்ப்ஸ் நெகட்டிவ், ஹெபடைடிஸ் சி நெகட்டிவ், சி4 சரியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை. ஐஜிஎம் 4,650.

புது ரத்தவியல் மருத்துவரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பழைய எண்ணோடு வந்திருந்தால் ரிட்டுக்சிமாபை முதல் நாளே சேர்த்திருப்பேன் என்று அவரே சொன்னார். இப்போது விழித்திரை பார்த்தாகிவிட்டது, அதில் ஒரு ரத்தக் குழாய் கொஞ்சம் தடித்திருக்கிறதாம். வரும் புதன் பிளாஸ்மா மாற்றம், அதன் பிறகு மருந்து, ரிட்டுக்சிமாப் இரண்டாவது சுற்றிலிருந்து. அந்த அறையில் ஏசி நன்றாக ஓடும் என்று நர்ஸ் சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது. என்ன கேட்டு வைக்கணும்?

ரத்தவியல் மாணவி | சனி, இரவு 9.05

மூன்று விஷயம். அறையின் ஏசியை அணைத்து வைக்க இன்றே சொல்லி வையுங்கள், புதன் காலையில் சொன்னால் நடக்காது. அவருக்குத் திரும்ப ஏற்றுகிற அல்புமின், சலைன் எல்லாமே வார்மர் வழியாகப் போகணும், வெளியே சுற்றி வருகிற ரத்தக் குழாயையும் சூடாக வைக்கணும், இல்லாவிட்டால் மெஷினுக்குள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, நடுவில் விரலோ காதோ நிறம் மாறினால் யாருக்கும் காத்திருக்காமல் அப்பாவே சொல்லணும்.

ரொறன்ரோ அண்ணா | சனி, இரவு 9.40

கையுறை, காலுறை, காதை மூடுகிற தொப்பி மூன்றும் கொண்டு போங்கோ தங்கச்சி. வெயில் காலத்தில் தொப்பி போட அப்பா கூச்சப்படுவார். நானும் கூச்சப்பட்டேன். போட வையுங்கோ.

மதுரை லேப் | சனி, இரவு 10.10

இரண்டாவது பிளாஸ்மா மாற்றத்துக்கு முன்னால் திரும்ப ஐஜிஎம் எடுப்பார்கள். அதுவும் அந்த அம்மாவிடமே, அதே மாதிரி. ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.